முப்பத்தேழு வேண்டும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். ஒரு எழுத்து குள்ளமாக இருக்கும், பக்கத்தில் இருப்பது நெட்டையாக இருக்கும். 'ழ' வருகிற இடத்தில் எல்லாம் பேனா வழுக்கியிருக்கும். கோடுகள் மட்டும் நேராக இருக்கும். அவற்றைக் கண்ணாடி வெட்டுகிற அளவுகோலை வைத்துப் போட்டேன்.

யாரைப் பிடித்து எழுதி வாங்கினேன் என்று யோசிக்காதே. நானே எழுதுகிறேன். ஆமாம், நான்தான். போன வருடத்திலிருந்து நூலகத்தின் பின்னறையில் நடக்கிற வகுப்புக்குப் போகிறேன். டீச்சர் உன்னைவிடச் சின்னவள். என் பக்கத்தில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி உட்காருவாள். "பெரியவரே, கண்ணாடி வெட்டுற கைன்னு பெருமையா சொன்னீங்க. எழுத்தெல்லாம் உடைஞ்ச கண்ணாடியாட்டம்ல கிடக்குது" என்று தினமும் என்னை வாருவாள். இப்போது அவளே என்னிடம் 'ஞ' எழுதக் கேட்கிறாள்.

உன்னிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தேன். நீ லீவில் வரும்போது பரணிலிருந்து ஒரு காமிக்ஸை எடுத்து, சும்மா இருக்கிறவன் மாதிரி இருந்து, திடீரென்று பெயரை வாசித்துக் காட்டி உன் வாயைப் பிளக்க வைக்க வேண்டும் என்று ஆசை. அது போகட்டும். இப்போது அவசரம். நாளைக் காலை உன் காமிக்ஸ் குழுவில் இருக்கிற, உன் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் இங்கே வருகிறார், இதை வாங்கி உன்னிடம் கொண்டுவந்து தர. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் எனக்கு ஒரு டம்ளர் தேநீர் ஆறிவிடுகிறது. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் தட்டும்போது கதவைத் திற.

ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

நீ விற்கச் சொன்ன புத்தகங்களை இத்தனை நாள் எப்படி அனுப்பினேன் என்று உனக்குத் தெரியும். நீ போனில் குரல் அனுப்புவாய். "அப்பா, முதலை அட்டை, மேல சிவப்பு, ஓரத்துல ஒத்தைக்கண்ணன் நிப்பான், அதை பல் டாக்டருக்குக் கட்டுங்க." நான் படத்தைப் பார்த்துத் தேடி எடுப்பேன். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மூலைக்கு மூலை காகிதம் மடித்துச் சொருகி, கண்ணாடித் தகடு கட்டுகிற மாதிரியே கட்டுவேன். உன் குழுவில் இருக்கிறவர்கள் அதைப் படம் எடுத்துப் போட்டு, "பெட்டியைத் திறக்க வெல்டிங்காரனைத்தான் கூப்பிடணும் போல" என்று எழுதுவதாக நீ சொல்லிச் சிரிப்பாய். ஒரு மூலை மடங்கி ஒரு புகார் வந்தது கிடையாது. மடங்கியிருந்தால் நீ என்னைச் சும்மா விட்டிருப்பாயா?

முதலில் உன்னிடம் இரண்டிரண்டாக இருந்ததை விற்றாய். சரி, இடம் அடைக்கிறது என்று நினைத்தேன். பிறகு நீலக் கையுறைக்காரன் கதையின் செட்டை உடைத்தாய். நடுவிலிருந்து பத்துப் புத்தகத்தை உருவி அனுப்பச் சொன்னாய். எனக்குக் கை ஓடவில்லை. நீ இங்கே விட்டுப்போன அந்த விரிசல் விழுந்த டேப்லெட்டை எடுத்து, உன் பெயரில் திறந்தபடியே கிடக்கும் குழுவை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். நான் முதன்முதலாக வாசித்த வெளி உலகம் அதுதான். "முப்பத்தேழா செட்டை உடைக்கிறாரு? நம்ப முடியலையே" என்று ஒருவர். "மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாத்துட்டாங்க போல, பரணைக் காலி பண்றாரு" என்று இன்னொருவர். நானும் சிரித்தேன். அவர்கள் எல்லாரும் உன்னை முப்பத்தேழு என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உன் செட்டில் இல்லாத ஒரே இதழ். இத்தனை வருடமாக நீ தேடுகிற இதழ்.

அதற்கப்புறம் காசே வாங்காமல் கொடுக்கச் சொன்னாய். கேட்டவருக்கெல்லாம் கொடு என்றாய். கட்டுவதற்கு நல்ல அட்டை தீர்ந்துவிட்டது, இரண்டு நாள் பொறு என்று சொன்னதற்கு, "எப்படியாச்சும் சுருட்டி அனுப்புங்கப்பா. மூலை மடங்கினா இப்ப என்ன?" என்றாய். அந்தக் குரலை நான் பலமுறை போட்டுக் கேட்டேன். சொன்னது நீதான். ஆனால் என் மகன் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்தைக் கேள். பல் டாக்டருக்கு ஒரு பழைய மருந்துக் கடையின் மாடியில் முப்பத்தேழு கிடைத்துவிட்டது. "நம்ம முப்பத்தேழுக்கு இது என் அன்பளிப்பு" என்று குழுவில் போட்டார். அதற்குக் கீழே நீ பதில் எழுதியிருந்தாய். எழுத்துக் கூட்டினேன். 'மு', 'ப்', 'ப'... 'முப்பத்தேழு எனக்கு வேண்டும் சார்.' படித்ததும் நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே கை தட்டினேன். என் மகன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் அடுத்த வரிக்குப் போகவே இல்லை. டேப்பில் எழுத்தெழுத்தாகத் தொட்டு, டாக்டருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். 'அனுப்புங்கள். மகனுக்கு வேண்டும். அப்பா.' அவர் உடனே பதில் போட்டார். "மகன் ஒண்ணு சொல்றார், அப்பா ஒண்ணு சொல்றார். நான் அப்பா கட்சி." பல் டாக்டர்கூடக் கேலி பேசுவாரா என்று அதற்கும் சிரித்தேன்.

மறுநாள் டேப்பை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். 'இனிமே எனக்கு எதுவுமே' என்று இருந்தது. அதற்கடுத்த சொல்லில் ஒரு கால் நின்றது. துணைக்கால். 'டா' என்று வாசிக்க வைக்கிற கால். வேண்டாம்.

மேல் வரிக்குத் திரும்பிப் போனேன். அந்த இடத்தில் டேப்பின் திரையில் விரிசல் ஓடுகிறதல்லவா, அந்த விரிசலுக்குள் ஒரு கால் ஒளிந்து நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் அதையும் விரிசல் என்றே நினைத்துவிட்டேன். கண்ணாடியில் மயிரளவு கீறல் விழுந்தாலும் கண்டுபிடிக்கிற கண் இது. எது கீறல், எது எழுத்து என்று தெரியாமல் போயிற்று. டுவும் டாவும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று டீச்சர் சொல்லித் தரவில்லை, கண்ணா.

படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். படிக்கத் தெரியாவிட்டால் உன் புத்தகங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் கட்டி அனுப்பிவிட்டு, நான் பாட்டுக்கு வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன்.

உனக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் அடிக்கவில்லை. உன் ஊரில் யாராவது இருக்கிறீர்களா, என் மகனைப் போய்ப் பார்ப்பீர்களா என்று குழுவில் எழுதினேன். எத்தனை பிழையோ, யாரும் சிரிக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் அன்றைக்கே உன் அறைக்கு வந்தார். உள்ளே விளக்கு எரிந்ததாம். குழாயில் தண்ணீர் ஓடியதாம். தட்டியதும் தண்ணீர் நின்றதாம், கதவு மட்டும் திறக்கவில்லையாம். அதைக் கேட்டு நான் அழுதேன், சிரித்தேன். தண்ணீரை நிறுத்த நீ இருக்கிறாயே.

கீழே இருக்கும் வீட்டுக்காரரிடமும் அவர் பேசியிருக்கிறார். உன் வேலை போய் மாதக்கணக்காகிறது, ஆள் அரவம் அடங்கினபிறகு கீழே இறங்கி ரொட்டி மட்டும் வாங்கிக்கொண்டு போகிறாய், பாதியாக இளைத்துவிட்டாய் என்று சொன்னாராம். என்னிடம் போனில் "லிப்ட் ரிப்பேர் ஜாஸ்தியா வருதுப்பா, நிக்க நேரமில்லை" என்றாயே. சரி. வேலைதானே போனது? அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருந்தாலும் நீ சொல்ல வேண்டியதில்லை. சொல்லத் தோன்றினால் சொல். நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

நானே ஓடி வந்திருப்பேன். வர முடியவில்லை. நீ கேட்ட புத்தகத்தை எடுக்கப் பரணில் ஏறியபோது ஏணி வழுக்கி, கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டுத் தலையணைமேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். உன்னிடம் சொன்னால் பதறுவாய் என்று சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பனுக்கு மகன் சரியாகத்தான் பிறந்திருக்கிறாய். கட்டு பிரித்ததும், நொண்டிக்கொண்டாவது உன் மூன்று மாடியும் ஏறி வருவேன். வேண்டாத இடத்தில் ஒரு கால் வந்து நிற்கிறது, வேண்டிய நேரத்தில் என் கால் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசியாக நீ அனுப்பச் சொன்ன கட்டு எதையும் நான் அனுப்பவில்லை. அனுப்பிவிட்டேன் என்று சொன்னது பொய். எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. முன்பு போனவையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. நான் கேட்கவில்லை, அவர்களாகவே அனுப்புகிறார்கள். கட்டத் தெரியாத ஜனங்கள். மூலையெல்லாம் நாய்க் காது மாதிரி மடங்கி வருகிறது. ஒருவர் மட்டும், "வாங்கினது வாங்கினதுதான், திருப்பித் தர்ற பேச்சே கிடையாது" என்கிறார். அவரோடு சண்டை போட நீதான் வேண்டும். எனக்கு அவ்வளவு வேகமாக எழுத வராது.

முப்பத்தேழு வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பிரித்து வாசித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, கை கழுவிவிட்டுத்தான் தொட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். முப்பத்தாறின் கடைசிப் பக்கத்தில் நீலக் கையுறைக்காரனை நிலவறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். இரும்புக் கதவு. தண்ணீர் மோவாய் வரைக்கும் வந்துவிடும். 'தொடரும்' என்று போட்டிருக்கும். முப்பத்தெட்டைத் திறந்தால் அவன் முடிவெட்டுகிற கடையில் காலை நீட்டி உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருப்பான். எப்படித் தப்பித்தான்? பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து, வெட்டு மேசையின் மேல் ஏறி உட்கார்ந்து, எனக்கு வாசித்துக் காட்டுவாயே. வாசித்து முடித்ததும் இரண்டு பேரும் வழி கண்டுபிடிப்போம். மோதிரத்தில் இருக்கிற வைரத்தை வைத்து ஜன்னல் கண்ணாடியை வெட்டியிருப்பான் என்று நான் சொன்னேன். "அங்க ஜன்னலே இல்லப்பா!" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். நீ சொன்ன வழி, தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டான் என்பது.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அதை மட்டும் சொல்கிறேன். எப்படித் தப்பித்தான் என்பதை எழுத மாட்டேன். நீ எத்தனை கெஞ்சினாலும் எழுத மாட்டேன். ஆனால் அவன் தப்பித்துவிட்டான், தம்பி. அந்த அறையிலிருந்து வெளியே வர ஒரு வழி இருந்தது. நானும் நீயும் இத்தனை வருடம் யோசித்தும் நமக்குத் தெரியாமல் போன ஒரு வழி. அது இருந்தது.

சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவார். புத்தகத்தைத் தள்ள மாட்டார். தள்ளினால் மூலை மடங்கிவிடும். வாசலில் வைத்துவிட்டுப் போகவும் மாட்டார். மழை வரலாம், பூனை வரலாம். கையில் வைத்துக்கொண்டு நிற்பார். "ஐயா, பஞ்சர் கடைக்காரனுக்கு நிக்கிறது புதுசில்ல. உங்க மகன் திறக்கிற வரைக்கும் நிப்பேன்" என்று போனில் சொன்னார். நல்ல மனிதர், முழங்கால் வலிக்காரர். அவரை ரொம்ப நேரம் நிறுத்தாதே. புத்தகக் கட்டை உன் கையில் வாங்கிக்கொள். அவர் உள்ளே வந்து கொஞ்சம் உட்காரட்டும். பேச வேண்டியதில்லை. பிறகு அவர் போனிலிருந்து என்னைக் கூப்பிடு. போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். உன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டாலும் எனக்குப் போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நன்றாக இல்லாவிட்டாலும் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மறுபடியும் எழுதுவேன். அதற்குள் என் 'ழ' கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். அந்தக் கடிதத்தில் எத்தனை பிழை என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு எனக்குத் திருப்பி அனுப்ப நீ வேண்டும். இந்தச் சொல்லை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். டு தான். கால் இல்லை, விரிசலும் இல்லை. எனக்கு நீ வேண்டும்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற,
உன் அப்பா