ஏற்கெனவே போட்டிருந்த டிக்

அக்கா,

இன்று காலை இங்கே கோயம்புத்தூர் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த டிசைனர் ஒரு திரையைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு மில்லின் ஷிப்டு வருகைப் பதிவு. நாற்பது பேர், நாற்பது கட்டம், நாற்பதிலும் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. "பெரும்பாலும் எல்லாரும் வந்துடுவாங்க சார். வராதவங்களுக்கு மட்டும் எடுத்துவிட்டாப் போதும். கிளிக் மிச்சம்" என்றாள். அச்சு அசலாக நான் உங்களிடம் சொன்ன வாக்கியம். எரிச்சல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, கத்திவிட்டேன். அந்தப் பெண் பயந்துவிட்டாள்.

அதனால் இதை எழுதுகிறேன். தையில் நீங்கள் காய்ச்சலில் இறந்துபோய்விட்டீர்கள் என்று மாசி பாதியில்தான் எனக்குச் சொன்னார்கள். அதுவும் ஒரு எரிச்சல்.

கம்பம் ஊரில் அந்த ஏலக்காய்த் தோட்டக் கம்பெனி ஆபீசுக்கு நான் வந்தபோது இஞ்சினியரிங் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தினமும் ஐந்து ஜீப்பில் இருபத்தெட்டு ஆட்கள் மலைக்குப் போகிறார்கள், திரும்புகிறார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், எல்லாம் பிரவுசரிலேயே நடக்க வேண்டும் என்பது முதலாளி மகனின் ஆசை. ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டில் அந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தது நீங்கள். அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸேறி வந்து உங்களோடு சண்டை போட்டது நான்.

சண்டைக்குக் குறையே வைக்கவில்லை நீங்கள். 'சேமி' பட்டன் இருக்கும் இடத்துக்கு நேராக மானிட்டர் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தீர்கள். திரை அழகாக இருக்கட்டும் என்று பட்டனை வலப்பக்கம் மாற்றினேன். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "பொட்டுக்கு நேரா இல்லையே தம்பி" என்றீர்கள். பட்டன் மேலே பெரிதாக எழுதியிருக்கிறதே, படித்தால் போதாதா என்றேன். "படிக்கிறதுக்குள்ள ஜீப்பு கெளம்பிரும். பொட்டுன்னா கை தன்னால போவும்." பட்டனைத் திரும்ப இடப்பக்கம் கொண்டுவந்தேன். அன்றைக்கு முழுக்க உங்களோடு பேசவில்லை.

பெரிய சண்டை டிக்குக்குத்தான். 'திரும்பியவர்கள்' பட்டியலில் எல்லாருக்கும் நானே டிக் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் எடுக்கச் சொன்னீர்கள்.

"வெறுமனே வச்சிருங்க. எறங்க எறங்க நான் போட்டுக்கிறேன்."

"இருபத்தெட்டு தடவை அமுக்கணும்க்கா."

"அமுக்குறேன். வெரலு என்ன தேஞ்சா போவுது?"

நான் எடுக்கவில்லை. காலேஜில் படித்துவிட்டு வந்தவன் நான், உங்களுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. இன்று எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நினைப்பு.

அந்த மழைநாளில் முதலாளி மகன் திரையைப் பார்க்க ஐந்தரைக்கு வருவதாக இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் அட்டைப்பூச்சிக்குப் பயந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, போட்டு வந்த செருப்பை ஆபீஸ் வராந்தாவில் வரிசையாக விட்டுப் போவார்கள். சாயங்காலம் இறங்கியதும் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்பு மாட்டி வீட்டுக்குப் போவார்கள். உங்கள் கணக்கே அந்த வரிசைதான். ஐந்து ஜீப்பும் வந்துவிட்டது, வராந்தா காலியாகிவிட்டது. ஒரு ஜோடி மட்டும் கிடந்தது.

'நாள் முடிப்பு' பட்டனை அமுக்கினால், விட்டுப்போனவர்களைக் கூட்டிவர வாசலில் நிற்கும் ஆறாவது ஜீப்பை இனி வேண்டாமென்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் அமுக்க மாட்டேன் என்றீர்கள்.

"இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு அக்கா. ஸ்கிரீன் சொல்லுது பாருங்க."

"ஸ்கிரீனு எங்க சொல்லுது, நீங்கள்ல சொல்றீக. அவுக மலை ஏறுறதுக்கு முன்னாடியே டிக்கு போட்டது நீங்கதான?"

"மழைக்குப் பூட்ஸோடயே வீட்டுக்குப் போயிருப்பாங்க."

"செருப்ப விட்டுட்டா? புதுச் செருப்பு தம்பி அது."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் உங்கள் கையிலிருந்த மவுஸை வாங்கி அமுக்கினேன். திரையில் பச்சை எழுத்து வந்தது. ஆறாவது ஜீப் போய்விட்டது.

ஆறரை மணிக்கு அந்தச் செருப்புக்குரிய அம்மாவின் வீட்டுக்காரர் குடையோடு வந்து, "எங்கவீட்ல இன்னும் வரலியே" என்றார். நாலாவது ஜீப்காரர் அந்த அம்மா ஐந்தாவதில் வருகிறார் என்று நினைத்திருக்கிறார், ஐந்தாவதுகாரர் நாலாவதில் போய்விட்டார் என்று. ஸ்டாண்டில் கெஞ்சி ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நீங்களும் அவரும்தான் மலையேறினீர்கள். மேலே ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் வாசலில் அந்த அம்மா, கால் பிசகி, தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார்களாம். கால் தேறிவிட்டது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

மறுநாள் முதலாளி மகன் பதிவைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். 'நாள் முடித்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயர். உங்கள் லாகின் அல்லவா. "சிஸ்டத்துல ஏதும் தப்பா?" என்று என்னைப் பார்த்தார். "சிஸ்டத்துல தப்பு இல்ல சார்" என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்த வாரமே உங்களை ஜன்னலிலிருந்து எடுத்து, காய் தரம் பிரிக்கும் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலி. டிக்குகளை நான் அவர் கேட்ட அன்று மதியமே எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. நாலு நிமிஷம் ஆனது.

ஷெட்டுக்கு வந்து கேட்டேனே, நினைவிருக்கிறதா? ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என்னைத்தானே திட்டியிருப்பார் என்று. ஏதோ நீங்கள் எனக்குத் தப்பு செய்துவிட்ட மாதிரிக் கோபமாகக் கேட்டேன். நீங்கள் காய் புடைக்கும் சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றீர்கள். பிறகு, "தூசி பறக்குது, தள்ளி நில்லுங்க."

அந்தத் தூசியில்தான் மூன்று வருஷம் இருமியிருக்கிறீர்கள்.

இன்று மத்தியானம் முதலாளி மகனுக்கு ஃபோன் செய்தேன். "அன்னைக்கு நாள் முடிப்பு அமுக்கினது நான் சார், அக்கா இல்ல. அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க" என்றேன். வெகுநேரம் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"எந்த அன்னைக்கு?" என்றார்.

மழை, செருப்பு, கால் பிசகிய அம்மா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்படியா? அவங்களா கேட்டுத்தான் ஷெட்டுக்குப் போனாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

உங்களை அங்கே அனுப்பியவருக்கு அது நினைவில்லை அக்கா. உங்களுக்கு இருந்தது. இப்போது எனக்கு மட்டும்தான் இருக்கிறது.