அண்ணன் எழுந்து நின்ற நாள்

மார்ச் 4

நாளை நலத்துறைப் பெண் வருகிறாள். அண்ணனைப் பார்த்து, என்ன உதவி வேண்டும் என்று அவள்தான் திட்டம் எழுதுவாள். எனக்கு நாக்கு குழறும். ஆகவே சொல்லவேண்டியதை வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. இந்த வீட்டில் உதவி தேவைப்படுகிறவர் ஒருவர்தான், அண்ணன்.
2. அவரால் எழுந்து நிற்க முடியாது. எல்லாம் படுக்கையிலேயே போய்விடுகிறது.
3. காலையில் ஒரு ஆள் வந்து போனால் போதும்.

இரண்டாவதை அவர் எதிரில் எப்படிச் சொல்வது?

மார்ச் 5

விடியும் முன்பே அறையைக் கழுவினேன். விரிப்பு மாற்றி, அவருக்குச் சவரம் செய்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். வருகிறவள் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாதே.

அவளைக் கண்டதும் அண்ணன் மறுபடி தலைமையாசிரியர் ஆகிவிட்டார். தேதி, கிழமை, அவள் கேட்டதெல்லாம் சரியாகச் சொன்னார்.

"குளிக்கறதெல்லாம்?"

"நானேதான்."

"பாத்ரூம் போறது?"

"அதுவும் நானேதாம்மா. இவன் சும்மா கூட வருவான், பேச்சுத் துணைக்கு."

பிறகு கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றும் காட்டினார். மழைக்காலத்திலிருந்து நிற்காத மனிதர். வரிசைப்படுத்தி வைத்ததில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை.

வாசலில் என்னிடமும் கேட்டாள், "நீங்க எப்படி இருக்கீங்க சார்?"

"எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்." இடுப்பில் ஆணி அடித்ததுபோல் வலி.

உள்ளே வந்தால், புது விரிப்பு நனைந்திருந்தது.

மார்ச் 6

அருவருப்பு. மலத்தின்மேல் அல்ல, அதற்குக் கை பழகிவிட்டது. அவருடைய நடிப்பின்மேல். அதற்கு மேடை கழுவிக் கொடுத்த என்மேல்.

மார்ச் 13

பதில் வந்தது. தற்போது உதவி தேவையில்லையாம்.

"பாத்தியாடா, பாஸ் பண்ணிட்டேன்" என்றார்.

கடிதத்தைக் கட்டில்மேல் எறிந்தேன். "யாரு தொடைக்கறது அப்புறம்? நீ பாஸ் பண்ணிக்கிட்டே இரு. நான் நாத்தத்துல கெடக்கறேன்."

நீ என்று சொல்லிவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

மார்ச் 14

அவளுக்குப் போன் செய்தேன். பாதியில் வைத்துவிட்டு மறுபடி செய்தேன்.

"அன்னிக்கு நீங்க பாத்தது... அது அப்படி இல்லைம்மா."

"எது சார் அப்படி இல்லை?"

"சுத்தமா இருந்தது."

அவள் சிரிக்கவில்லை. "ஒருநாள் சொல்லாம வரேன் சார். எதையும் கழுவி வைக்காதீங்க."

மார்ச் 19

கழுவாமல் இருக்க முடியவில்லை. குப்பையை வெளியே வைத்துவிட்டு வந்து, விரிப்பு மாற்ற அவரைத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் கீழே, அவர் என்மேல், இருவருக்கும் அடியில் அந்த விரிப்பு. எழ முடியவில்லை. இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

கதவு தாழிடாமல் இருந்தது நல்லதாயிற்று. அவள் தட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

அண்ணன்தான் பேசினார். "என்னைத் தூக்கறது இருக்கட்டும்மா. முதல்ல இவனைப் பாரு, மூச்சு வாங்குது."

"அன்னிக்கு எழுந்து நின்னீங்களே சார்?"

"நிக்கலேன்னா என்னை எங்கேயாவது முதியோர் விடுதியில கொண்டுபோய்ப் போட்டுடுவீங்க. இவன் தனியா என்ன பண்ணுவான்? வெந்நீர் போடக்கூட என்னைக் கேட்டுட்டுத்தான் போடுவான்."

அவள் மூக்கைப் பொத்தவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

மார்ச் 20

எனக்காகவா நின்றார்? இடுப்பு வலியில் தூக்கம் இல்லை. அதனால் மட்டும் அல்ல.

மார்ச் 27

திட்டம் வந்தது. தினமும் காலையில் இரண்டு பேர் வருவார்கள். அண்ணன் வீட்டிலேயே இருக்கலாம். உதவி பெறுவோர் என்ற இடத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர். இனி யாரையும் தூக்கக் கூடாதாம். நான் குளிக்கும்போதும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

அன்னியன் ஒருவன் என் முதுகைத் தொடுவதா? உடம்பு கூசுகிறது. "குளிக்கறதெல்லாம் நானேதான்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அண்ணனின் குரல்போலவே இருந்தது.

அன்று வரிசைப்படுத்தியதில் முதல் குறிப்பு தவறு.