எந்தத் தண்ணி?

என் உயிரான எஸ்தரக்கா,

செவிலிமேட்டில் வீட்டு ஸ்விட்ச் போர்டை உன் வீட்டுக்காரர் ராஜன் மாமா ஆளுயரத்துக்கு மாற்றிவிட்டார். உன் மகள் நிவி எட்டாவது போகிறாள். உன் சைக்கிள் வாசலிலேயே நிற்கிறது. யாரும் காற்றடிக்கவில்லை.

என் ஆராய்ச்சி உனக்குத் தெரியும். தெரு வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளில் எது வெள்ள எச்சரிக்கை, எது அன்றாடப் பேச்சு என்று கணினி தானே பிரிக்க வேண்டும். அதற்குக் கற்றுத்தர, ஆயிரக்கணக்கான செய்திகளுக்கு நான் கையால் குறிபோட்டேன். நீ சிரித்தாய். “மெஷினுக்குத் தமிழ் சொல்லித் தரியா? உனக்கே நான்தான்டா சொல்லிக் குடுத்தேன்.”

“தண்ணி வந்துடுச்சு.” உங்கள் தெருக் குழுவில் அதிகம் வரும் வரி அது. குழாயில் வந்ததும் யாராவது போடுவார்கள். தெருவே குடத்தோடு ஓடும். ஒவ்வொரு முறையும் ‘வழக்கம்’ என்று குறித்தேன்.

அந்த மழை நாளில், பிற்பகலில், நீ போட்டதும் அதே வரிதான். கணினி அதை ‘வழக்கம்’ என்று ஒதுக்கியது. பாலாற்றுப் பக்கமிருந்து வந்த வெள்ளம் உன் சமையலறையில் நின்றது. ஃப்ரிட்ஜை இழுக்கப் போனாய். கரண்ட்.

‘மெயினை அணையுங்கள்.’ எச்சரிக்கை என்று தெரிந்தால் எங்கள் கணினி அனுப்பும் முதல் பதில் அதுதான்.

துறைக் கூட்டத்தில் சொன்னேன். ஒரே வரி, இரண்டு பொருள், கணினி ஏமாந்துவிட்டது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். “உன் தப்பு இல்லப்பா” என்றார் பேராசிரியர். தலையாட்டினேன்.

அங்கே சொல்லாதது ஒன்று உண்டு. குழுவில் போட்ட கையோடு அதே வரியை எனக்கும் தனியாக அனுப்பியிருந்தாய். உடனே பார்த்தேன். என் வரைபடத்தில் உன் தெரு பச்சை, ஆபத்தில்லாத இடம். அன்று குழாயில் தண்ணி வரும் நாளும்கூட. பதில் போட்டேன். “புடிச்சு வை அக்கா. குடம் பத்தலன்னா சொல்லு.” பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

இரண்டு டிக்கும் நீலம். நீ பார்த்திருக்கிறாய். திட்டினாயா? சிரித்தாயா? அதற்குப் பிறகுதான் ஃப்ரிட்ஜிடம் போனாயா?

எந்தத் தண்ணிக்கா என்று கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நேற்று நிவி போன் செய்தாள். வீட்டில் யாருமில்லையாம்.

“மாமா, இரு, வெச்சிடறேன். தண்ணி வந்துடுச்சு.”

“எந்தத் தண்ணி?”

“கொழாத் தண்ணிதான். இங்க வெயில் கொளுத்திக்கினு இருக்குது. லூசா நீ? எப்பப் பாரு இதையே கேக்கற.”

“கேப்பேன்.”

குடம் நிரம்பும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, “சரி, கேளு” என்றாள்.

இனி கணினியும் கேட்கும், அக்கா. தானே முடிவுகட்டாமல் எந்தத் தண்ணி என்று திருப்பிக் கேட்கும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன், அடுத்த கூட்டத்தில், உன் வரியையும் என் பதிலையும் திரையில் போடுவேன். அந்தச் சிரிப்பு முகத்தை அழிக்காமல். கணினி ஏமாந்தது என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

உன்னிடம் தமிழ் கற்ற
உன் தம்பி,
சாமு