லண்டன் விமானம் வரும் வரை

18 டிசம்பர் 1963, புதன்

அப்பா இறந்துவிட்டார், பெரியப்பா தெருவிடம் பொய் சொல்கிறார். மார்கழிக் குளிர். விடியும் நேரத்தில் மூச்சு நின்றது. பெரியப்பா முதலில் வாசற்கதவைச் சாத்தினார். அப்புறம்தான் அம்மாவை எழுப்பினார்.

"வெளியில சொன்னா உடனே எடுக்கச் சொல்லுவா. எடுக்கிற வரைக்கும் தெருவுல ஒருத்தரும் அடுப்பு மூட்ட முடியாது. உற்சவ நாள் வேற. ரகு வந்துதான் கொள்ளி வைக்கணும். அதுவரைக்கும் யாரும் அழப்படாது."

ரகு என் அண்ணன். லண்டனில் இன்ஜினீயர். ஒரே பிள்ளை. நான் பெண், கணக்கில் இல்லை.

ஸ்ரீரங்கம் தபாலாபீசில் தந்தி கொடுத்தால் வம்பு பரவுமாம். மலைக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் அடித்தேன். 'அப்பா ஆபத்தான நிலை. உடனே வா.' அவனுக்கும் பொய்.

திரும்பி வந்தால், பெரியப்பா என் பழைய அட்லஸில் நூல் வைத்து அளக்கிறார். லண்டன்–பம்பாய் நாலாயிரத்தைந்நூறு மைல். ஜெட்டில் அரை நாள். பிறகு மெட்ராஸ், பிறகு திருச்சி. "நாளை சாயங்காலம் வந்துடுவான்." நூலுக்கென்ன, எங்கேயும் இறங்கிக் காத்திருக்க வேண்டாம்.

இருட்டுவதற்குள் பதில் தந்தி. இன்றைய விமானத்தில் ஏறுகிறான்.

19, வியாழன்

பக்கத்து வீட்டு ருக்மிணி மாமி கஞ்சியோடு வந்தாள். "மாமா ரெண்டு வாயாவது குடிக்கட்டும்."

பெரியப்பா அறையை மறித்து நின்றார். "இப்பத்தான் கண்ணசந்தான்."

கஞ்சியை நான் குடித்தேன். பாத்திரம் காலியாகத் திரும்ப வேண்டுமே. நன்றாகவே இருந்தது. சீ.

மாமி அம்மாவின் தலையில் கதம்பம் வைத்தாள். "தாயார் சன்னிதிப் புஷ்பம். ஒரு குறையும் வராது, பாருங்கோ." அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். பின்னாலேயே பெரியப்பா: "கிணத்தடியில வேண்டாம். பக்கத்தாத்துல கேக்கும்."

தெரு முழுக்க அடுப்புப் புகை. பொங்கல் வாசனை.

மாலை பம்பாயிலிருந்து தந்தி. விமானம் தாமதம். மெட்ராஸ் விமானம் போய்விட்டது. நாளைதான்.

ஊதுவத்தி வாங்கப் போனேன். கடைக்காரர்: "நேத்துதானே கட்டா வாங்கினீங்க? ஆத்துல என்ன, தினம் பூஜையா?" தலையாட்டினேன்.

20, வெள்ளி

பனி. ஊதுவத்தியை மீறி நாற்றம். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம். நெற்றியில் அதே குங்குமம். கதம்பம் வாடித் தொங்குகிறது. எடுக்கக் கை வைத்தேன், பெரியப்பா தடுத்தார். மாமி கேட்பாளாம்.

"இன்னும் ஒரு வேளைதாண்டி. பொறுத்துக்கோ."

"யார் கொள்ளி வெச்சா என்ன? கதவைத் திறங்கோ. அம்மாவைப் பாருங்கோ."

பார்க்கவில்லை. அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். டாக்ஸி நின்றது. ஏரோட்ரோம் போக எவ்வளவு நேரமாகும் என்று டிரைவரிடம் கேட்டார். மன்னார்புரத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டால் சொல்ல முடியாது என்றார் டிரைவர். பின்னாலேயே போய் டாக்ஸி ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா எப்ப அழலாம்? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்கோ."