ராஞ்சியிலிருந்து வந்த பங்காளி

இன்று காலை அலுவலகத்தில் யாரோ மைதாப் பசை காய்ச்சினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உம்முடைய ஞாபகம் வந்துவிட்டது. நீர் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. ஹவுராவிலிருந்து ஆள் வந்து சொன்ன அன்று எனக்கு அழுகை வரவில்லை. இன்று பசைக் கிண்ணத்தைப் பார்த்ததும் வந்தது.

சர்க்காரின் மொழிக் கணக்கெடுப்பில் நாம் பார்த்த வேலை அப்படி. ஜில்லா ஜில்லாவாக ஒரே கதையை அந்தந்த ஊர்ப் பேச்சில் எழுதி அனுப்புவார்கள். எந்த மொழி எந்தக் குடும்பம் என்று பிரித்து, சீட்டு ஒட்டிக் கட்டிவைப்பது நம் பொறுப்பு. ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த குருக் என்னும் மொழியின் தாளை நான் முண்டா என்னும் வேறு குடும்பத்து மொழிகளின் கட்டுக்குள் செருகிவிட்டேன். எல்லாரும் ஒரே மலைக்காரர்கள்தானே என்ற சோம்பேறித்தனம். நீர் வரிவரியாகப் படித்துவிட்டு அதை உருவி எடுத்தீர்.

"அண்டை வீட்டுக்காரன்னா பங்காளி ஆயிடுவானா, ஓய்? இது நம்ம தமிழ் சேர்ந்த தெக்கத்திக் குடும்பம்" என்றீர்.

நான் நம்பவில்லை. மறுநாள் பவானிப்பூரில் நம் மெஸ்ஸுக்கே எத்வாவை அழைத்து வந்துவிட்டீர். தெருவில் கால்வாய் வெட்ட வந்திருந்த குருக் ஆள். நீர் கண்ணைத் தொட்டுக் காட்டினீர்; 'கன்' என்றான். பல்லைக் காட்டினீர், 'பல்' என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் அசடு வழிந்ததைப் பார்த்து அவனும் சிரித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். சாப்பாட்டு வேளையில் நம் பந்தியிலேயே அவனுக்கும் இலை போடச் சொன்னீர். மெஸ் மேனேஜர் வந்து நின்றார்.

"அவன் எழுந்திருக்கணும், இல்லேன்னா நீர் எழுந்திருக்கணும்."

"ஒரே குடும்பம்னு ஆபீஸ்ல சீட்டு ஒட்டறோம். சாப்பிட மட்டும் தனியாவா?" என்று நீர் என்னைப் பார்த்துத்தான் கேட்டீர். நான் தலை நிமிராமல் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். என்னையும் வெளியே அனுப்பிவிட்டால் எங்கே போவது என்ற பயம். அன்று மாலையே நீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹவுராவுக்குக் குடிபோனீர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மன்னிப்புக் கேட்கத்தான் கங்கையைக் கடந்து வந்தேன். நீரும் எத்வாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நீர் எழுந்து மூன்றாவது இலையைப் போட்டீர்.

"உக்காரும், ஓய். இன்னிக்கு எத்வா சமையல்."

"சாப்பிட்டாச்சு" என்றேன்.

சாப்பிட்டிருக்கவில்லை. காலையிலிருந்து வெறும் வயிறு. நீர் வற்புறுத்தவில்லை, இலையை மடித்து ஓரமாக வைத்தீர். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் பழகினோம், எதையெல்லாமோ பேசினோம். அந்த இலையைப் பற்றி மட்டும் இருவருமே பேசவில்லை. ஓய், அந்தப் பொய்யை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். நீர் அதை நம்பினீரா என்று ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்றே இருந்தேன்.