நாற்பத்தைந்து சுற்று

அண்ணா,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. குழாய் ரிப்பேர்காரர் மூன்று மணிக்கு வருவார். தூங்கிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் தப்பு என் பேரில்தான். தொண்ணூறுகளின் டிரம் அதிரும் பிக் பீட் எலக்ட்ரானிக் இசையில் என் மஞ்சள் அட்டை ஆல்பம்தான் உசத்தி, உன் கறுப்பு அட்டை வெறும் தூங்குமூஞ்சி என்றேன். "காதை எங்கடி அடகு வெச்ச?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனவன்தான், நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று காலையில்தான் உன் இசைத்தட்டின் லேபிளைப் படித்தேன். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்று போட்டிருக்கிறது. இத்தனை நாளும் நான் முப்பத்துமூன்று சுற்றில் மெதுவாக ஓடவிட்டுக் கேட்டிருக்கிறேன்! சரியான வேகத்தில் வைத்ததும் டிரம் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என்னுடையது கூட்டத்தோடு ஆடச் சொல்கிறது. உன்னுடையது தனியாக ஓடுகிறவனைத் துரத்துகிறது. எது உசத்தி என்று இப்போது தெரியவில்லை.

விடிகாலையில் நீ பேக்கரி வேலைக்குப் போனபின் நான் கேட்கிறேன், நான் கல்லூரிக்குப் போனபின் நீ கேட்கிறாய். பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே என் தலையில் குட்டியிருப்பாய்.

சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது.

பி.கு: சிரிப்பு வந்தால் அடக்கி வை. நான் வந்த பிறகு, என் எதிரிலேயே சிரி.