மச்சாளின் ஐஸ்கிறீம் பெட்டி

மச்சாள்,

இன்று காலை குசினி அலுமாரியைத் துப்புரவாக்கினேன். பழைய பிளாஸ்டிக் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றின் மூடியைத் திறந்ததும் உங்கள் திருக்கைக் கறியின் மணம் வந்தது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகப் போகிறது. எத்தனை தரம் கழுவியும் அந்த மஞ்சளும் மணமும் போகவில்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். அடுப்பிலிருந்து இறக்கிய கறியைக் கொதிக்கக் கொதிக்க இந்தப் பெட்டியில் ஊற்றி, துவாயால் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவருவீர்கள். எங்கள் லிங்கநகர் வீட்டில் மூடியைத் திறந்தால் ஆவி பறக்கும். அதில் உங்களுக்கு எவ்வளவு பெருமை! போன கிழமைப் பெட்டியை நான் வெறுமையாய் நீட்டினால் வாங்கமாட்டீர்கள். "வெறும் பெட்டியோ? அப்ப நானும் வெறுங்கையோடதான் வருவன்" என்பீர்கள். பயறோ வாழைப்பழமோ போட்டுத்தான் திருப்பித் தருவேன்.

என் மகளுக்கு, உங்கள் செல்ல மருமகளுக்கு, இப்போது ஏழு வயதுதான். போன மாதம் குளிக்க வார்க்கும்போது அவளுடைய நெஞ்சு தடித்திருப்பதைக் கண்டேன். அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதுக்கு முந்தி உடம்பு அவசரப்படுகிறதோ என்று பார்க்க இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

"சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில போடுறனீங்களோ?" என்று டொக்டர் அம்மா கேட்டார்.

"ஓம், டொக்டர்."

"அதில இருக்கிற சில இரசாயனம் உடம்புக்குள்ள போய் ஹோர்மோன் மாதிரி வேலை செய்யும். சில வாசனைச் சாமான்களிலயும் இருக்கு. இதாலதான் வந்தது எண்டு சொல்ல ஏலாது. ஆனா இனி வேண்டாம்."

சொல்ல ஏலாதாம்! அந்தச் சொல்தான் என்னைத் தின்கிறது. பவுடர் பேணி, ஷாம்பு, நகப்பூச்சு, எதைப் பார்த்தாலும் பயம். உங்கள் தம்பி துறைமுக வேலை முடிந்து லஞ்ச் ஷீற் பிளாஸ்டிக்கில் சுற்றிய சோற்றுப் பார்சலோடு வந்தால் சண்டைக்குப் போகிறேன். "நாங்கள் இதைத் திண்டுதானே வளர்ந்தனாங்கள், சும்மா பயப்பிடாதை" என்கிறார். பிள்ளை விளையாடும்போது ஒளித்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

உங்களோடு கோபிக்க என்னால் ஏலாது, மச்சாள். பிள்ளை இல்லாத உங்கள் ஆசையெல்லாம் இந்தப் பெட்டியில்தான் வந்தது. "இவள் பெரியபிள்ளையானால் சடங்குக்கு முதல் தண்ணி நான்தான் வார்ப்பன், ஒருத்தரும் குறுக்க வரக்கூடாது" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தீர்கள். அப்போது சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் அவளுடைய வயதை விரல்விட்டு எண்ணுகிறேன்.

மற்றப் பெட்டிகளையெல்லாம் எறிந்துவிட்டேன். இதையும் எறியப் போனபோது மகள் பறித்துக்கொண்டாள். "இது மாமியின்ர. இதில சாப்பிடமாட்டன், குளிக்க வைச்சிருப்பன்" என்றாள்.

இப்போது உங்கள் பெட்டியால்தான் வாளியிலிருந்து பச்சைத்தண்ணீர் அள்ளி அவளுக்கு வார்க்கிறேன். அவள் துள்ளுகிறாள், சிரிக்கிறாள். என் கண் அவள் நெஞ்சுக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது. இது குளிப்புத் தண்ணீர்தான், மச்சாள். நீங்கள் வார்க்க ஆசைப்பட்ட தண்ணீருக்கு இன்னும் காலம் இருக்க வேண்டும். அந்த நாள் அதற்குரிய வயதில் வரட்டும். அன்றைக்கும் இந்தப் பெட்டியால்தான் முதல் தண்ணீர் வார்ப்பேன்.